நீங்க பார்த்தீங்களா?

(மூணாற்றில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



இணையத்தில் வரும் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்ததுமே, 'சரி, வாத்தியார் ஒரு குறளைச் சொல்லி ஆரம்பிப்பார்' என்று நினைத்திருப்பீர்கள். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற அந்தக் குறள் உங்களுக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். முப்பது வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னவன் நான். அப்படிப்பட்ட நான்தான் ஏமாந்தேன். ஏமாந்தது போதாதென்று ஊரையும் சேர்த்து ஏமாற்றினேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 ஆகஸ்ட் மாதம். உங்களில் பலர் அப்போது ஒன்றாம் வகுப்போ, இரண்டாம் வகுப்போ. பெரியவர்களுக்கு அந்த மழை மறந்திருக்காது. 26 ஆண்டுகளாகத் திறக்காமல் இருந்த, இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி ஷட்டரை ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். அடுத்த வாரத்தில் முதிரப்புழை பொங்கிப் பழைய மூணாற்றுக்குள் வந்துவிட்டது. ரோடுகள் சரிந்து, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நாம் இங்கே அடைபட்டுக் கிடந்தோம். கரண்ட் இல்லை. டவர் வரும், போகும். அப்படிப்பட்ட ஓர் இரவில் என் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. ஓர் ஆண் குரல். மூச்சு வாங்குகிறது. முல்லைப்பெரியாறு அணை போய்விட்டது, அதிகாரிகள் மறைக்கிறார்கள், இன்னும் சில மணி நேரம்தான், எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்கிறார்.

நான் என்ன செய்தேன்? யோசித்தேனா? இல்லை. விசாரித்தேனா? இல்லை. சொந்தக்காரர்கள் குரூப், வாத்தியார்கள் குரூப், எஸ்டேட் குரூப் என்று மூன்றுக்கும் ஒரே நிமிஷத்தில் தள்ளிவிட்டேன். 'உடனே பகிரவும்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். தமிழாசிரியர் அல்லவா, பிழையில்லாமல் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் மேல் லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டாள்: "சார், முல்லைப்பெரியாறு நமக்கு மேலயா, கீழயா?"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள், மேலேயா, கீழேயா? நம் மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முல்லைப்பெரியாறு இருப்பது 881 மீட்டரில். அங்கிருந்து தண்ணீர் நமக்கு வரவேண்டுமென்றால் 600 மீட்டர் மலையேறி வரவேண்டும்! அந்த அணைக்குக் கீழே இருப்பவர்கள் வண்டிப்பெரியாற்றுக்காரர்கள், சப்பாத்துக்காரர்கள், உப்புத்தறைக்காரர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. அணை பலமா, பலவீனமா என்று தீர்ப்புச் சொல்லவும் நான் வரவில்லை. அது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. நான் கேட்பது ஒன்றுதான். மேட்டில் நிற்கிற நான், மேட்டில் நிற்கிற இன்னும் நூற்றைம்பது பேருக்கு, 'மேட்டுக்கு ஓடுங்கள்' என்று ஏன் அனுப்பினேன்?

படிக்காததாலா? படித்திருக்கிறேன். முட்டாள் என்பதாலா? அப்படி யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பயந்தேன், அதுதான் காரணம். பயத்தோடு பாசமும் சேர்ந்துகொண்டது. என் மக்கள் பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பு. பொய்ச் செய்தி செய்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் நம் அறிவோடு சண்டைக்கு வருவதே இல்லை. பயத்தின் கதவையோ பாசத்தின் கதவையோதான் தட்டுகிறான். அணை உடையவில்லை என்று முதலமைச்சர் அறிவித்தார். போலீஸ் சைபர் பிரிவு பொய் பரப்பியவர்களைத் தேடியது. ஆனால் அதற்குள் அந்தக் குரல் எத்தனை லயத்து வாசலைத் தட்டியிருக்கும்!

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ட்விட்டரில் பரவிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்க்கு ஆன நேரத்தைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனதாம். இதை ஏதோ இயந்திரம் செய்கிறதா என்றும் பார்த்தார்கள். இல்லை, பொய்யை அதிகம் சுமந்தவர்கள் மனிதர்கள்தான். என்னைப் போன்றவர்கள்.

அதே 2018இன் தொடக்கத்தில் நம் கேரளத்தில் இன்னொரு கூத்து நடந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடியில் சின்னச் சின்னக் கறுப்பு ஒட்டுகள். நகத்தளவுதான் இருக்கும். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வீட்டை அடையாளம் வைத்துவிட்டுப் போகிறது, இரவில் வந்து தூக்கிவிடும் என்று செய்தி. ஊர் ஊராகப் பயம். அப்பாக்கள் டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வந்தார்கள். ஒட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தம் வீட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓடிப் பார்த்தால் அங்கேயும் ஒட்டு! கடைசியில் அது என்ன தெரியுமா? கண்ணாடிகளை அடுக்கி வைக்கும்போதும் லாரியில் ஏற்றும்போதும் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் ஒட்டுகிற ரப்பர் துண்டு. ஜன்னல் வைத்த நாளிலிருந்தே அங்கே இருந்தது. யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற ஒரே ஓர் அண்ணனிடம் போய், 'அண்ணே, இது என்னண்ணே?' என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த கதைக்குச் சிரிப்பு வராது.

கராச்சி நகரத்தில் ஒரு தொண்டு அமைப்பு 2016இல் ஒரு விழிப்புணர்வு வீடியோ எடுத்தது. பைக்கில் இருவர் வருகிறார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்பது அதன் செய்தி. நல்ல வீடியோதான். யாரோ ஒருவன் அதன் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தான். வேறொன்றும் செய்யவில்லை, வெட்டினான், அவ்வளவுதான். வெட்டிய வீடியோ எல்லை தாண்டி நம் நாட்டுக்குள் வந்தது. வந்த ஊரிலெல்லாம் அது அந்த ஊரில் நடந்ததாகவே ஆனது.

தமிழ்நாட்டில் 2018 கோடையில் வட மாவட்டங்களெங்கும் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று குரல்பதிவுகள் பறந்தன. 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் போனது. வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு ஒரு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். நம் பாட்டிமார் கொடுக்க மாட்டார்களா? மடியில் மிட்டாய் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நீட்டுவதுதானே அவர்கள் வழக்கம்? அத்திமூர் கிராமத்தில் கூட்டம் கூடியது. அந்த அம்மா உயிரோடு வீடு திரும்பவில்லை. அடித்தவர்கள் தொழில்முறைக் கொலைகாரர்களா? தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பிய அப்பாக்கள், மாமாக்கள், அண்ணன்மார். மறுபடியும் பயம், மறுபடியும் பாசம்.

இந்தியாவில் இப்படி உயிர்கள் போன பிறகுதான் வாட்ஸாப், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறியும் பின்னால் வந்தது. அந்த இரட்டை அம்பைப் பார்த்திருப்பீர்கள். 'இதை உனக்கு அனுப்பியவருக்கும் இது எங்கிருந்து வந்ததென்று தெரியாது' என்பதுதான் அதன் அர்த்தம். நம்மில் பலர் அதை 'ரொம்ப முக்கியம்' என்று படிக்கிறோம்.

இப்போது நம் மலைக்குத் திரும்புவோம். 2011 டிசம்பர். முல்லைப்பெரியாறு பிரச்சினை இரண்டு மாநிலத்திலும் கொதித்தது. அன்று இடுக்கி எஸ்டேட்டுகளில் வேலை பார்த்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போடிப் பக்கம் மலையிறங்கினார்கள். சில இடங்களில் மிரட்டலும் தாக்குதலும் உண்மையாகவே நடந்தன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தால் பத்து நடந்ததாக இங்கேயும் பேசினார்கள், கம்பத்திலும் பேசினார்கள். அப்போது நம் கையில் வாட்ஸாப் கிடையாது. வாய் இருந்தது, போதாதா?

அதை ஏன் இங்கே கிளறுகிறேன்? இன்று நம் லயங்களில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள்? ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டையோடு ஏறி வந்த அதே மலைக்கு அவர்களும் ஏறி வந்திருக்கிறார்கள். 'பையைத் தூக்கிக்கிட்டு ஒரு வடக்கத்திக்காரன் லயத்துப் பக்கம் சுத்துறான், பிள்ளைங்களைப் பத்திரமா வச்சுக்கோங்க' என்று ஒரு மெசேஜ் வந்தால், அன்று மலையிறங்கி ஓடியவர்களின் சொந்தங்களான நாம் அதை எப்படிப் படிப்போம்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் வீடியோக்கள் அவை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் எத்தனை தொழிலாளர்கள் ரயிலேறிவிட்டார்கள்!

சரி சார், கதையெல்லாம் போதும், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 'கனமழை: இடுக்கி மாவட்டத்தில் நாளை எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் விடுமுறை. மாவட்ட கலெக்டர்.'

பாருங்கள், எத்தனை முகத்தில் வெளிச்சம்! அந்தச் செய்தி வந்தால் யாராவது சரிபார்ப்பீர்களா? மாட்டீர்கள். ஏன்? உங்களுக்கு அது உண்மையாக இருக்கவேண்டும். ஆசை என்பதும் ஒரு கதவுதான், பயத்தையும் பாசத்தையும் போல. ஒரு பையன் இதை நம்பி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான், அன்று பரீட்சை. படத்தைக் கொண்டுவந்து காட்டினான். படம் பொய்யில்லை, கலெக்டரின் அறிவிப்பேதான். தேதியைப் பார்த்தேன். போன வருஷத்து ஜூலை! பொய்யில் பெரும்பாதி இப்படித்தான். யாரும் புதிதாக உட்கார்ந்து செய்வதில்லை. பழைய உண்மையை எடுத்துத் தேதியை மறைத்தால் போதும், ஊரை மாற்றினால் போதும், வாலை வெட்டினால் போதும். ஆகவே முதலில் தேதியைத் தேடுங்கள். பிறகு அந்த மெசேஜை விட்டு வெளியே வந்து கலெக்டரின் முகநூல் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். படத்தில் சந்தேகமா? கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் மூன்று வருஷத்துக்கு முன்பே காஷ்மீரில் சுற்றியது தெரிந்துவிடும். குளிர்காலம் வந்தால் 'மூணாற்றில் பனிமழை' என்று வருகிறதே, அதை இப்படிப் பாருங்கள். நம் செண்டுவரையில் புல்மேல் உறைபனி படியும், நமக்கே தெரியும். பைன் மரம் முறிகிற அளவுக்கு நம் ஊரில் எந்த நாளில் பனி கொட்டியது?

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் கதையும் அப்படியே. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் நுழைந்தது. ஜூன் மாதம் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அதன்பிறகு வாட்ஸாப்பில் அந்த யானை எத்தனை தடவை செத்துவிட்டது! ஒவ்வொரு தடவையும் வனத்துறை மறுக்க வேண்டியிருந்தது. அதன் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டியிருந்தார்கள், நடமாட்டத்தைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். கேட்க வேண்டிய இடம் அது. 'அரிக்கொம்பன் ரசிகர்கள்' குரூப் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சந்தேகம் நல்லதுதான், ஆனால் எதையும் நம்பமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு சோம்பேறித்தனம். 2022 அக்டோபரில் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்திருக்கிறது என்று படம் வந்தது. என் நண்பர் ஒருவர், விஷயம் தெரிந்தவர், ஒரே போடாகப் போட்டார்: "பொய். 2018லதான் பூத்துச்சு. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி 2030லதான் இனி." கணக்கு சரிதான், ஆனால் அது இரவிகுளத்துக் கணக்கு. கள்ளிப்பாறைக் குறிஞ்சிக்குத் தனிக் கணக்கு. மலை முழுக்க நீலமாகப் பூத்து நின்றது, மூணாற்றிலிருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. ஸ்பெஷல் பஸ்ஸே விட்டார்கள். நண்பர் போகவில்லை. பூ உதிர்ந்த பிறகு வருத்தப்பட்டார். அதுபோல, 'மூணாற்றில் ரயில் ஓடியது' என்று யாராவது அனுப்பினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஓடியது! குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், டாப் ஸ்டேஷன் வரைக்கும். 1924 பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயரைத் தினமும் சொல்கிறோம். எதன் ஸ்டேஷன் என்று யாராவது கேட்டோமா?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பொய்யென்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அனுப்பியது யார்? பெரியப்பா. குடும்ப குரூப்பில், காலை வணக்கம் ரோஜாப்பூவுக்கு அடுத்தபடியாக. பதினாலு வயதுப் பிள்ளை, நாற்பது பேர் பார்க்க, 'பெரியப்பா, இது பொய்' என்று போட்டால் என்ன நடக்கும்? செய்தி மறந்துபோகும், மரியாதைதான் பேச்சாகும். 'ரெண்டு எழுத்துப் படிச்சதும் பெரியவங்களுக்கே...' என்று ஆரம்பித்து உங்கள் அம்மா வரைக்கும் போகும். ஆகவே குரூப்பில் போடாதீர்கள். தனியாகப் பேசுங்கள். 'பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்துப் பயந்துட்டேன், அதான் தேடினேன், இப்படி இருக்கு பாருங்க' என்று கலெக்டர் பக்கத்தை அனுப்புங்கள். அவரே குரூப்பில் திருத்திப் போடட்டும். அந்த மரியாதை அவருக்குப் போகட்டும். பொய்யை இறக்குவதுதான் நம் வேலை, பெரியப்பாவை இறக்குவது இல்லை.

பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது பாடத்திலேயே இருக்கிறது. கண்ணூரில் 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வதந்தி பரவி, பெற்றோர் ஊசிபோட மறுத்தார்கள். அங்கே கலெக்டராக இருந்த மீர் முகமது அலி, பெரியவர்களிடம் மன்றாடுவதைவிடப் பிள்ளைகளிடம் போவோம் என்று 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பு தொடங்கினார். பின்னர் 2022இல் அதே பெயரில் கல்வித்துறையின் கைட் நிறுவனம் மாநிலம் முழுக்க 19.72 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024இல் ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. புத்தகங்களிலும் இது வந்துவிட்டது. அந்தப் புத்தகம் தமிழிலும் இருக்கிறது, தாய்மார்களே. இன்றிரவு பிள்ளையின் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

குரலையும் முகத்தையும் போலியாகச் செய்கிற காலம் இது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவருக்கு வாட்ஸாப் வீடியோ அழைப்பு. முகம் பழைய சக ஊழியரின் முகம், குரல் அவர் குரல். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமென்றதும் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அவர் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் புகார் செய்ததால் போலீஸ் பணத்தை மீட்டது. அந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். மழைக்கால ஆபத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1077. அதையும் சேமியுங்கள்.

ஏன் மழைக்காலத்தை இவ்வளவு சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 6, இரவு. பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்தது. நான் விவரிக்கப் போவதில்லை. இந்த அரங்கில் அங்கே உறவைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 70 உயிர் மண்ணுக்குள் போன அந்தச் செய்தி அன்றிரவு வெளியே வரவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மறுநாள் காலையில், கொட்டுகிற மழையில் நடந்து வந்தவர்கள்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டில், கயத்தாறில் இருந்த அவர்களுடைய சொந்தங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். இல்லாத அணை உடைப்பு ஒரு நிமிஷத்தில் மூன்று குரூப்புக்குப் போனது. இருந்த மண்சரிவு நடந்து வந்தது. நடந்து வந்தவரிடம் யாரும் 'உனக்கு யார் சொன்னது?' என்று கேட்கவில்லை. அவர் காலிலேயே சேறு இருந்தது.

என் கதைக்கு வருகிறேன், முடித்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை கேட்டுவிட்டுப் போன பிறகு, மூன்று குரூப்பிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'நேற்று நான் அனுப்பியது பொய்.' எழுதி அனுப்ப எனக்கு அரை நாள் ஆனது. டவர் ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம். இரண்டு பேர் கை கும்பிடும் பொம்மை போட்டார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குரல் மட்டும் ஓயவில்லை. 2021இல் வந்தது. 2024இல் வயநாட்டுச் சரிவுக்குப் பிறகு முல்லைப்பெரியாறு பற்றிப் பீதி கிளம்பி, பொய் பரப்பினால் நடவடிக்கை என்று அமைச்சரே சொல்ல வேண்டி வந்ததே, அப்போதும் வந்தது. அதே மூச்சிரைப்பு. மழை பிடித்தால் இன்றும் எனக்கு யாராவது அனுப்புகிறார்கள். கடைசியாக அனுப்பியவர் என்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார். நான் நீளமாக எதுவும் எழுதவில்லை. "நீங்க பார்த்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.